மிரர்லெஸ் கேமராவில் எந்த அமைப்பில் வீடியோ எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தைச் சுற்றிக் கல்யாணமும் கோயில் விழாவும் படமெடுப்பது என் தொழில். புதிதாக மிரர்லெஸ் கேமரா வாங்கியவர்கள் மண்டபத்துப் பந்தியிலும், தேர் வடம் பிடிக்கக் காத்திருக்கும் நேரத்திலும் மெனுவைத் திறந்து காட்டிக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மெனுவில் இருக்கும் மிகப் பெரிய எண்ணே மிக நல்ல எண் என்ற நம்பிக்கை பல பேருடைய முகூர்த்தப் பதிவைப் பாழாக்கியிருக்கிறது. அதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

அண்ணா, மெனுவில் எம்பி4, எம்ஓவி, எச்.264, எச்.265 என்று வரிசையாக இருக்கிறது. எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. எம்பி4, எம்ஓவி இரண்டும் சாக்கு. உள்ளே கட்டியிருக்கும் சரக்கு எச்.264 அல்லது எச்.265. சாக்கை மட்டும் பார்த்து உள்ளே பொன்னியா வேறு ரகமா என்று சொல்ல முடியாது. அதுபோல ‘என் கேமரா எம்பி4-இல் எடுக்கிறது’ என்பதிலிருந்து தரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எச்.264 என்ற சுருக்கும் முறை 2003-இல் வந்தது. ஏறக்குறைய எல்லாக் கணினியும் கைப்பேசியும் டிவியும் அதைச் சிரமமின்றித் திறக்கும். எச்.265 2013-இல் வந்தது. அதே தரத்தைக் கிட்டத்தட்டப் பாதி இடத்தில் அடக்கிவிடும். ஆனால் அதைப் பிரித்துக் காட்டக் கணினி கூடுதலாக உழைக்க வேண்டும். சோனி மெனுவில் எக்ஸ்ஏவிசி எஸ் என்றால் எச்.264, எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்றால் எச்.265.

வீட்டுக்காரர்கள் எப்படியும் கைப்பேசியில்தான் பார்க்கப் போகிறார்கள். 4கே எதற்கு, புல் எச்டி போதாதா?

கொடுப்பதற்குப் புல் எச்டி போதும். எடுப்பதற்கு 4கே வேண்டும். 3840 × 2160 புள்ளிகள் கொண்ட 4கே படத்தில் 1920 × 1080 புள்ளிகள் கொண்ட நான்கு புல் எச்டி படங்கள் அடங்கும். ஆகவே மாலை மாற்றும்போது கொஞ்சம் தள்ளி நின்று எடுத்திருந்தாலும் எடிட்டிங்கில் முகத்தை நெருக்கிக்கொள்ளலாம்.

இன்னொரு காரணம் பட்டுப்புடவை. புல் எச்டியில் எடுக்கும்போது பல கேமராக்கள் சென்சாரின் (படம் பதியும் சில்லு) சில வரிகளை விட்டுவிட்டுப் படிக்கின்றன. திருபுவனம் பட்டின் நெருக்கமான ஜரிகைக் கட்டங்களில் அப்போது இல்லாத கோடுகள் நெளிந்து ஓடும். பந்தல் கீற்றிலும் இதைப் பார்க்கலாம். 4கேயில் எடுத்து, பிறகு கணினியில் சிறிதாக்கினால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

24, 25, 30 – எதில் வைக்க வேண்டும்? சினிமா மாதிரி வர 24 என்று சொல்கிறார்களே?

25, அதாவது விநாடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படம்). கேமரா பிஏஎல் (25, 50 வரிசை), என்டிஎஸ்சி (30, 60 வரிசை) என்று கேட்டால் பிஏஎல்லைத் தேர்ந்தெடுங்கள். 24-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. ஆனால் ஒரு கேமரா 24, இன்னொன்று 30, டிரோன் 60 என்று எடுத்துவந்து எடிட்டிங்கில் ஒரே டைம்லைனில் போட்டால் ஊர்வலம் தத்தித் தத்தி நடக்கும். அதை எல்லோருமே கண்டுபிடித்துவிடுவார்கள். மண்டபத்துக்குள் நுழையும் முன் எத்தனை பேர் படமெடுக்கிறார்களோ அத்தனை பேரும் ஒரே எண்ணுக்கு வந்துவிட வேண்டும்.

25 ஏன் நமக்கு வசதி என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

25-இல் வைத்தும் மண்டபத்தில் படம் சிமிட்டுகிறது, குறுக்கே பட்டை பட்டையாக ஓடுகிறது. கேமரா பழுதா?

பழுது இல்லை, ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளியை உள்ளே விடும் நேரம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் குழல்விளக்கு இரண்டு முறை ஒளிர்ந்து மங்கும். அதாவது விநாடிக்கு 100 முறை. ஷட்டரை 1/50-இல் வைத்தால் ஒவ்வொரு பிரேமும் சரியாக இரண்டு ஒளிர்வுகளை வாங்கும். 1/100-இல் வைத்தால் ஒன்று. எல்லாப் பிரேமுக்கும் ஒரே அளவு ஒளி கிடைப்பதால் சிமிட்டல் தெரியாது. 1/60-இல் வைத்தால் ஒன்றரைக்கும் மேலே, இரண்டுக்கும் கீழே என்று அரைகுறையாக அகப்படும். பட்டை அங்கிருந்துதான் வருகிறது.

25 பிரேமுக்குப் பொருத்தமான ஷட்டர் 1/50. அது விளக்குக்கும் பொருந்திவிடுகிறது, அவ்வளவுதான் ரகசியம். 30 பிரேமில் எடுத்தே ஆக வேண்டும் என்றாலும் ஷட்டரைக் கையால் 1/50-இல் நிறுத்துங்கள், சிமிட்டாது. தானியங்கி ஷட்டரில் விடுவதுதான் தவறு.

சீரியல் விளக்கும் மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்இடி திரையும் வேறு கணக்கில் சிமிட்டுபவை. அங்கே ஷட்டரைத் தசம அளவில் நகர்த்தும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால், பட்டை மறையும்வரை மெல்ல நகர்த்திப் பாருங்கள். இல்லாவிட்டால் கேமரா நிற்கும் கோணத்தை மாற்றுங்கள்.

60 எம், 100 எம், 140 எம் என்று இருக்கிறதே, அது என்ன?

விநாடிக்கு எத்தனை மெகாபிட் எழுதுகிறது என்ற கணக்கு. எட்டால் வகுத்தால் மெகாபைட். 100 மெகாபிட் என்றால் விநாடிக்கு 12.5 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 128 ஜிபி கார்டில் இரண்டே முக்கால் மணி நேரம் எடுக்கலாம். 60 மெகாபிட் என்றால் மணிக்கு 27 ஜிபி. 600 மெகாபிட் என்றால் மணிக்கு 270 ஜிபி.

முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடிகாலை முகூர்த்தம் என்று ஒரு கல்யாணத்தில் ஒரு கேமரா ஆறு மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 100 மெகாபிட்டில் 270 ஜிபி. அதை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வைக்க வேண்டும், ஒன்றில் மட்டும் வைப்பது வைக்காததற்குச் சமம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகே மெனுவைத் தொடுங்கள்.

200 எம்பி வேகம் என்று அச்சிட்ட கார்டுதான் போட்டேன். ஆனாலும் பதிவு பாதியில் நின்றுவிட்டது. ஏன்?

அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம், அதுவும் உச்சத்தில். வீடியோவுக்கு வேண்டியது, எவ்வளவு மோசமான நேரத்திலும் கீழே இறங்காத எழுதும் வேகம். அதைச் சொல்லும் குறி வி30, வி60, வி90. விநாடிக்குக் குறைந்தது 30, 60, 90 மெகாபைட் எழுதும் என்று பொருள்.

முந்தைய பதிலில் சொன்னபடி எட்டால் வகுத்துப் பாருங்கள். 200 மெகாபிட்டுக்கு 25 மெகாபைட், வி30 தாங்கும். 400-க்கு 50, வி60 வேண்டும். 600-க்கு 75, வி90 வேண்டும். கேமராவின் கையேடு இதைவிடக் கூடுதலாகக் கேட்டால் கையேட்டின் பேச்சைக் கேளுங்கள்.

ஐபிபி, ஆல்-ஐ என்று இரண்டு இருக்கின்றன. ஆல்-ஐ தான் உயர்ந்தது என்கிறார்கள். அதிலேயே எடுக்கட்டுமா?

ஐபிபியில் கேமரா ஒரு பிரேமை முழுதாக எழுதும். அடுத்து வருபவற்றில் எது நகர்ந்தது, எது மாறியது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். ஆல்-ஐயில் ஒவ்வொரு பிரேமையும் முழுதாகவே எழுதும். சோனியில் இதற்கு எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ என்று பெயர். 4கே 25 பிரேமுக்கு 250 மெகாபிட், 50 பிரேமுக்கு 500 மெகாபிட் எடுத்துக்கொள்ளும்.

மேடையில் மணமக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் பூ அலங்காரம் அசையாமல் இருக்கிறது. இங்கே ஐபிபிக்கு வேலை சுலபம். ஆல்-ஐ வீண் செலவு. இப்போது வெளியே வாருங்கள். குறுவைப் பயிர் இடுப்பளவு நிற்கிறது, மேல்காற்று வீசுகிறது, வயல் முழுவதும் ஒவ்வொரு தாளும் தனித்தனியாக ஆடுகிறது. ‘மாறியதை மட்டும் எழுது’ என்றால் எல்லாமே மாறிக்கொண்டிருக்கிறது. 60 மெகாபிட்டில் எடுத்தால் பயிர் தாள் தாளாகத் தெரியாமல் பச்சைக் களி பூசியதுபோல் ஆகிவிடும். கல்லணையில் மதகு திறந்து நுரைத்து விழும் தண்ணீரும், தேர் நகரும்போது தூவும் பூவும் இதே சோதனைதான். டெல்டாவில் எடுப்பவருக்கு மலைநாட்டுக்காரரைவிட இந்த இடம் முக்கியம், நம் ஊரின் அழகே அசைகிற பச்சையும் ஓடுகிற தண்ணீரும் அல்லவா. இந்தக் காட்சிகளுக்கு மட்டும் ஆல்-ஐ போடுங்கள், அல்லது ஐபிபியிலேயே அதிகபட்ச மெகாபிட்டுக்குப் போங்கள். ஐந்து நிமிடம் எடுத்துவிட்டுத் திரும்பப் பழைய எண்ணுக்கு வந்துவிடலாம்.

8-பிட், 10-பிட் வித்தியாசம் உண்மையிலேயே தெரியுமா?

சில இடங்களில் பளிச்சென்று தெரியும். 8-பிட்டில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். 10-பிட்டில் 1024. கொள்ளிடம் மணல் திட்டில் நின்று அந்திவானத்தை எடுத்தால், மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மெல்ல இறங்க வேண்டிய நிறம் 8-பிட்டில் மாடிப்படி மாதிரி வரிவரியாக இறங்கும். ஓமப் புகையும் அப்படித்தான். நிறத்தை எடிட்டிங்கில் இழுக்க இழுக்க அந்தப் படிகள் இன்னும் அகலமாகும்.

நிறத்தைக் கேமராவிலேயே சரியாக வைத்து, அப்படியே கொடுத்துவிடுபவர் என்றால் 8-பிட் போதும். சோனி இசட்வி-இ10 போன்ற கேமராவில் 8-பிட் மட்டுமே உண்டு. அதில் எடுத்த அருமையான கல்யாண வீடியோக்களைப் பார்த்திருக்கிறேன்.

4:2:0, 4:2:2 என்பதும் பிட் கணக்கா?

இது வேறு. வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் எழுதிவிட்டு, நிறத்தை மட்டும் 4:2:0-இல் நான்கு புள்ளிக்கு ஒன்றாகவும், 4:2:2-இல் இரண்டு புள்ளிக்கு ஒன்றாகவும் எழுதுகிறார்கள். அரக்குக் கரை போட்ட வெள்ளை வேட்டியின் ஓரத்தை மிக நெருங்கிப் பார்த்தால் 4:2:0-இல் நிறம் சற்றே கசிந்திருக்கும். ஆனால் 4கேயில் 4:2:0 எடுத்து, முன்பு சொன்னதுபோல் புல் எச்டியாகச் சிறிதாக்கினால், ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் கிடைத்துவிடுகிறது. ஆகவே பச்சைத் திரை வைத்து எடுப்பவர் தவிர மற்றவர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

லாக்கில் எடுத்தால்தான் சினிமா நிறம் வரும் என்று சொல்லி எல்லாவற்றையும் லாக்கிலேயே எடுக்கிறேன். ஆனால் இரவுக் காட்சி புள்ளி புள்ளியாக வருகிறதே?

தம்பி, லாக் என்பது படத்தை வெளிறிய நிறத்தில் பதிவு செய்து, பிறகு எடிட்டிங்கில் நிறம் ஏற்றிக்கொள்ளும் முறை. அது இரவுக்கு ஏற்பட்டது அன்று. வெயிலும் நிழலும் ஒரே சட்டத்தில் சண்டை போடும்போது இரண்டையும் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டது. பந்தலுக்குள் மணப்பெண், பின்னால் வாசலில் பத்து மணி வெயில்; கும்பாபிஷேகத்தில் கருத்த கல் கோபுரம், அதற்கு மேல் வெளுத்த வானம். இங்கெல்லாம் லாக் கைகொடுக்கும், அதுவும் 10-பிட் இருந்தால் மட்டும். 8-பிட்டில் லாக் எடுத்தால் மேலே சொன்ன மாடிப்படி நிச்சயம்.

இரவு சுவாமி புறப்பாட்டில் ஒளியே தீவட்டியும் சீரியல் விளக்கும்தான். லாக்கில் எடுத்துப் பிறகு வெளிச்சத்தைத் தூக்கினால், இருட்டில் ஒளிந்திருந்த புள்ளிகளும் சேர்ந்து மேலே வரும். அங்கே லாக் இல்லாத சாதாரண நிற அமைப்பில், கண்ணுக்குச் சரியாகத் தெரியும் வெளிச்சத்தில் எடுத்துவிடுங்கள்.

பகலில் வேறு சிக்கல். சோனி ஏ7 4-இல் எஸ்-லாக்3 என்ற லாக் முறையின் அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 800. உச்சி வெயிலில் ஷட்டர் 1/50, லென்ஸ் திறப்பு எப்/4 என்று வைத்தால் ஒளி எட்டு ஸ்டாப் அதிகம் (ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரட்டிப்பு). அதாவது ஒளியை 256-இல் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி256 பில்டர் வேண்டும். பில்டர் இல்லாதவர் ஷட்டரை 1/2000-க்கு ஏற்றுவார். நாதஸ்வரக்காரர் விரல்கள் வெட்டி வெட்டி நகரும். பில்டர் வாங்கும்வரை வெயிலில் லாக்கை நினைக்காதீர்கள்.

எச்.265 10-பிட்டில் எடுத்தேன். கேமராவில் அழகாக ஓடுகிறது. கணினியில் நகரவே மாட்டேன் என்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. எச்.265 10-பிட் 4:2:2-வைப் பிரிக்கும் தனிச் சில்லு உங்கள் கணினியில் இல்லை. இன்டெலில் 11-ஆம் தலைமுறை முதல், உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் பிராசஸர்களில் இது உண்டு. ஆப்பிளில் எம்1 முதல் உண்டு. என்விடியா கார்டுகளில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் 4:2:2 வந்தது. அதனால் விலை உயர்ந்த பழைய கார்டு வைத்திருப்பவரும் திணறுவார்.

புதுக் கணினி வாங்கத் தேவையில்லை. எடிட்டிங் மென்பொருளில் பிராக்ஸி உருவாக்குங்கள். சிறிய, எளிதில் திறக்கும் நகல்களை வைத்து வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் அசல் கோப்பிலிருந்து வெளியே எடுக்கலாம். இரவு படுக்கப் போகும்முன் பிராக்ஸிக்குப் போட்டுவிட்டால் காலையில் தயாராக இருக்கும்.

சோனியில் எக்ஸ்ஏவிசி எச்எஸ் 4கே போட்டால் 25 பிரேமே காணவில்லை. 50 தான் காட்டுகிறது. எங்கே போயிற்று?

ஏ7எஸ் 3, ஏ7 4 போன்றவற்றில் அந்த முறையில் 25-ஐ வைக்கவே இல்லை. பிஏஎல்லில் 50-ம் அதற்கு மேலும்தான். 25 வேண்டுமானால் எக்ஸ்ஏவிசி எஸ் 4கேக்கு வாருங்கள். அங்கே 25 பிரேமில் 140 மெகாபிட், 10-பிட், 4:2:2 கிடைக்கும். நான் கல்யாணத்துக்கு நிரந்தரமாக வைத்திருப்பது இதுதான். மணிக்கு 63 ஜிபி.

மெதுவாக ஓடும் காட்சிக்கு 50-ஆ, 100-ஆ, 120-ஆ?

25 பிரேம் டைம்லைனில் 50 போட்டால் வேகம் பாதி, 100 போட்டால் கால். அட்சதை விழுவதற்குப் பாதி போதும். நீர்த்துளி தெறிப்பதற்குக் கால். மண்டபத்துக்குள் 120 வேண்டாம். 120 பிரேமுக்கு ஷட்டர் 1/120-ஐவிட மெதுவாக இருக்க முடியாது, விளக்கோ 1/100 கேட்கிறது. 100 பிரேமில் 1/100 சரியாகப் பொருந்தும். சோனியின் எஸ்-க்யூ போன்ற மெதுவியக்க முறையில் ஒலி பதிவாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். கெட்டிமேளம் முழங்கும் அந்த அரை நிமிடத்தில் அதில் இருந்துவிட்டால், தாலி கட்டும் காட்சி ஊமையாக நிற்கும்.

என் கேமரா 29 நிமிடம் 59 விநாடியில் தானாகவே நின்றுவிடுகிறது. சரிசெய்ய முடியுமா?

முடியாது. அரை மணிக்கு மேல் தொடர்ந்து பதிவு செய்யும் கேமராக்களை வீடியோ கேமராவாகக் கணக்கிட்டு ஐரோப்பாவில் கூடுதல் சுங்கவரி போட்டார்கள். அதைத் தவிர்க்க நிறுவனங்கள் வைத்த வரம்பு இது. அண்மையில் வந்த பல கேமராக்களில் எடுத்துவிட்டார்கள்.

உங்களுடையதில் இருந்தால் நிறுத்தத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். திருவையாற்று ஆராதனையில் பஞ்சரத்னம் நாட்டையில் தொடங்கி, கௌளை, ஆரபி, வராளி வழியாக ஸ்ரீராகத்தில் முடியும். கேமரா தானாக நின்றால் ஏதோ ஒரு சரணத்தின் நடுவே நிற்கும். ஒரு கீர்த்தனை முடிந்து அடுத்தது தொடங்கும் மூச்சில் நிறுத்தி உடனே தொடங்கினால் ஒன்றும் போகாது. ஒலியைத் தனிக் கருவியில் இடைவிடாமல் ஓடவிட்டால் இன்னும் நல்லது. மெலட்டூர் பாகவத மேளா போல விடிய விடிய நடப்பதற்கு 60 மெகாபிட் போதும். மேடை பெரும்பாலும் அசைவதில்லை.

சித்திரை வெயிலில் கேமரா சூடாகி அணைந்துவிட்டது. அமைப்பை மாற்றினால் தீருமா?

ஓரளவு. 50 பிரேம் 25-ஐவிடச் சூடாக்கும், 8கே அதற்கும் மேல். 25-க்கு இறங்குங்கள். மெனுவில் தானாக அணையும் வெப்ப அளவை உயர்த்தும் வசதி இருந்தால், கேமரா முக்காலியில் இருக்கும்போது மட்டும் உயர்த்துங்கள். திரையைக் கேமராவின் உடலிலிருந்து விலக்கித் திறந்து வையுங்கள். எல்லாவற்றையும்விட ஒரு குடை பெரிய மருந்து.

பதிவு நடக்கும்போது பேட்டரி கழன்றுவிட்டது. கோப்பு திறக்கவில்லை. போயே போய்விட்டதா?

பதறாதீர்கள், கார்டில் வேறெதையும் எழுதாதீர்கள், பார்மட் செய்யவே கூடாது. எம்பி4 கோப்பின் பொருளடக்கத்தைப் பதிவு நிறுத்தும்போதுதான் கேமரா எழுதி முடிக்கிறது. அது எழுதப்படாததால் கணினிக்குத் தலையும் வாலும் புரியவில்லை. படம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. முழுதாகச் சார்ஜ் செய்த பேட்டரியோடு அதே கேமராவில் அதே கார்டைத் திரும்பப் போடுங்கள். பல கேமராக்கள் ‘கோப்பைச் சரிசெய்யட்டுமா’ என்று கேட்கும். ஒப்புக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாக வைத்துச் சீராக்கும் மென்பொருள்கள் உண்டு.

2028 மகாமகத்துக்கு 8கே, ரா எல்லாம் தயார் செய்ய வேண்டுமா?

மகாமகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது, 2016-க்குப் பிறகு 2028. உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் ரா (சென்சார் தருவதைப் பதப்படுத்தாமல் எழுதும் முறை) வரை போக வேண்டாம், குறைவாகச் சுருக்கும் புரோரெஸ் 422 எச்க்யூ முறையில் எடுத்தாலே 4கே 25 பிரேமில் மணிக்கு 330 ஜிபி ஓடிவிடும். கூட்ட நெரிசலில் கார்டு மாற்றிக்கொண்டே நிற்பவர் தீர்த்தவாரியைத் தவறவிடுவார். 4கே, 10-பிட், போதுமான கார்டு, இரண்டு நகல். இந்த அளவில் நன்றாக எடுத்தால் அடுத்த மகாமகத்திலும் பார்க்கலாம்.

பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். டிவியில் ஓடவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். என்ன செய்வது?

எச்.264, எம்பி4, புல் எச்டி, 25 பிரேம், 8-பிட். இந்த ஐந்தும் இருந்தால் பெரும்பாலும் பழைய டிவியும் ஒத்துக்கொள்ளும். பிறகு பென் டிரைவைப் பாருங்கள். எக்ஸ்பேட்டில் பார்மட் செய்ததைப் பல டிவிகள் படிக்காது. பேட்32-ஐப் படிக்கும், ஆனால் அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 20 மெகாபிட்டில் வெளியே எடுத்தால் 4 ஜிபிக்கு ஏறக்குறைய 28 நிமிடம் வரும்.

ஆகவே மூன்று மணி நேர வீடியோவை ஒரே கோப்பாகக் கொடுக்காதீர்கள். நிச்சயதார்த்தம், ஊஞ்சல், முகூர்த்தம், நலங்கு என்று அந்த 28 நிமிடத்துக்குள் அடங்கும்படி பிரித்து, முன்னால் 1, 2, 3 என்று எண் போட்டுப் பெயர் வையுங்கள். பாட்டிக்கு ஊஞ்சல் பாட்டை மட்டும் திரும்பப் பார்க்க வேண்டும் என்றால் பேரன் ஒரே அழுத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவான்.